பழைய மைப்பேனா தகராறு செய்கிறதா? முதலில் அது எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் நிறைய வீட்டு அலமாரிகளில் பழைய மைப்பேனா ஒன்றாவது கிடக்கும். 1914-லிருந்து 1964 டிசம்பர் புயல் வரைக்கும் தனுஷ்கோடியில் ரயிலை விட்டுக் கப்பல் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து திரும்ப ரயில் பிடித்தால் கொழும்பு. அந்த வழியில் வியாபாரத்துக்குப் போய்வந்தவர்கள் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்த இங்கிலாந்து, அமெரிக்கப் பேனாக்கள் ஒரு பக்கம். அப்புறம் வளைகுடாவுக்குப் போனவர்கள் வாங்கிவந்த ஷீஃபர், பைலட், பார்க்கர் இன்னொரு பக்கம். நடுவில் ஹீரோ, கேமல், ராஜமுந்திரி எபோனைட் (கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர்) பேனா. ஒரே டிராயரில் ஐந்தாறு விதமாக மை பிடிக்கும் பேனாக்கள் கலந்து கிடக்கின்றன, எடுப்பவர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி திறந்து பார்க்கிறார், அங்கேதான் நல்ல பேனா உடைகிறது.

"மை பிடிக்கவில்லை" என்பது ஒரே புகார்தான். ஆனால் பக்கவாட்டில் சின்ன நெம்புகோல் வைத்த லீவர் பேனாவில் அதற்கு அர்த்தம் உள்ளே ரப்பர் போய்விட்டது என்பது. வாலைச் சுற்றி மை இழுக்கும் பிஸ்டன் பேனாவில் பழைய மை காய்ந்து இறுகியிருக்கிறது. பழைய ஜப்பான் பேனா மூன்று வரி எழுதி நின்றுவிட்டால் அது கோளாறே இல்லை, வால் பக்கம் ஒரு அடைப்பு மூடியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் வகை தெரியும் வரை மையும் ஊற்ற வேண்டாம், எதையும் பலமாகத் திருகவும் வேண்டாம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: செல்போன் டார்ச், முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடி, பருத்தித் துணி, பிடிமானத்துக்குச் சைக்கிள் ட்யூப் துண்டு. கொறடு வேண்டாம், அது பக்கத்திலேயே இருக்கக் கூடாது. அப்புறம் தண்ணீர். நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு, பேனாவைக் கழுவ அது ஆகாது. நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கில் முடி அகலத்துக்குத்தான் வாய்க்கால் ஓடுகிறது, உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் படிந்து அதை அடைத்துவிடும். குடிக்க வாங்கும் கேன் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர் போதும். வெந்நீர் எந்தப் பேனாவுக்கும் வேண்டாம்.

தண்ணீரில் போடுவதற்கு முன்னால் பேனா எதனால் ஆனது என்றும் பாருங்கள். கட்டை விரலால் நன்றாகத் தேய்த்து மோந்தால் கந்தக வாடை அடிப்பது எபோனைட். கறுப்புப் பேனா வெயிலிலும் ஈரத்திலும் கிடந்து ஆலிவ் பழுப்பாக மாறியிருந்தால் அதுவும் எபோனைட்தான், அதைத் தண்ணீரில் ஊறப்போட்டால் இன்னும் பழுப்பாகும். கற்பூர வாடை வந்தால் செல்லுலாய்டு, சட்டென்று தீப்பிடிக்கும் பொருள், அடுப்புப் பக்கமோ தீக்குச்சிப் பக்கமோ கொண்டுபோகக் கூடாது, ஸ்பிரிட்டும் நெயில் பாலிஷ் ரிமூவரும் படக் கூடாது. கான்வே ஸ்டூவர்ட் மாதிரியான பழைய இங்கிலாந்துப் பேனாக்களில், பளபளப்பாகப் பல வண்ணம் கலந்து இருப்பவற்றில், பால் புரதத்திலிருந்து செய்த கேசின் உண்டு. அது தண்ணீரில் ஊறி உப்பிப் பிளந்துபோகும். சந்தேகம் இருந்தால் ஊறப்போடவே வேண்டாம், நிப் பகுதியை மட்டும் நனைத்தால் போதும்.

எங்கே பார்த்தால் வகை தெரியும்

மூன்று இடம். முதலில் உடலின் பக்கவாட்டு: லீவர் இருக்கிறதா, பிறை மாதிரி ஒரு உலோகத் தகடு துருத்திக்கொண்டு நிற்கிறதா, சும்மா ஒரு ஓட்டை இருக்கிறதா. பிறை இருந்தால் கான்க்ளின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வகை, அதன் கீழே இருக்கும் வளையத்தைத் திருப்பிவிட்டுத்தான் அமுக்க வேண்டும். ஓட்டை மட்டும் இருந்தால், நாணயத்தையோ தீக்குச்சியையோ விட்டு உள்ளே இருக்கும் ரப்பரை அமுக்கும் பழைய முறை. இதைப் பேனா உடைந்திருக்கிறது என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்துவிட்டால், அப்புறம் அந்தப் பேனாவுக்கு மை பிடிக்க வழியே இல்லை.

இரண்டாவது வால். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் கடைசி ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டரில் ஒரு மெல்லிய கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கோடு இருந்தால் அது தனி மூடி, கழலும் அல்லது சுற்றும் அல்லது இழுபடும். இந்த மூன்றில் எது என்பதில்தான் மீதி எல்லாம் இருக்கிறது.

மூன்றாவது, கழுத்தை, அதாவது நிப் செருகியிருக்கும் முன்பகுதியை, கழற்றினால் தெரியும் அதன் உள்முனை. எனக்கு மிகவும் நம்பிக்கையான சாட்சி இதுதான், பேனா எத்தனை கை மாறியிருந்தாலும் இது மாறாது. முனையில் வழுவழுப்பாக ஒரு காம்பு நீட்டிக்கொண்டிருந்தால் அதில் ஒரு காலத்தில் ரப்பர் பை மாட்டியிருந்தது. காம்பில் கறுப்புத் துணுக்கோ மஞ்சளான அரக்கோ ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். காம்பு இல்லாமல் நீளமான, ஆழமான மரை மட்டும் இருந்தால் ஃபில்லரால் மை ஊற்றும் பேனா. நடுவில் ஊசி மாதிரி குழல் இருந்தால் கார்ட்ரிட்ஜ், அதாவது மை அடைத்த குப்பியைச் செருகும் பேனா. மெல்லிய பிளாஸ்டிக் குழல் நீளமாகத் தொங்கினால் பார்க்கரின் வாக்குமேட்டிக்கோ (கீழே வருகிறது) அதன் உறவோ.

கழுத்து சுலபமாக வரவில்லை என்றால் இப்போது விட்டுவிடுங்கள். மரையா, வெறும் இறுக்கமா என்று தெரியாமல் திருகக் கூடாது.

லீவரைத் தூக்கினால் எதிர்ப்பே இல்லை, மையும் ஏறவில்லை

இந்தக் கரையில் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஷீஃபர் 1912 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்த முறை, அதற்கப்புறம் முப்பது நாற்பது வருடம் உலகம் முழுக்க இதைத்தான் செய்தார்கள், அதனால் கொழும்பு வழியாக வந்தவற்றில் பெரும்பாலும் லீவர்தான். உள்ளே ஒரு ரப்பர் பை, அதன் மேல் ஒரு அமுக்குத் தகடு. லீவரைத் தூக்கினால் தகடு பையை அமுக்கும், விட்டால் பை விரிந்து மையை இழுக்கும்.

காதோரம் வைத்து ஆட்டுங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் ரப்பர் காய்ந்து நொறுங்கி உள்ளே கிடக்கிறது. சத்தம் இல்லாமல் லீவர் தளர்வாகத் தொங்கினால் ரப்பர் உருகித் தார் மாதிரி ஒட்டியிருக்கலாம், அல்லது தகடு துருப்பிடித்து ஒடிந்திருக்கலாம். உப்புக் காற்றில் அந்தத் தகடுதான் முதலில் போகும். கழுத்தைக் கழற்றி உடலைக் காகிதத்தின் மேல் தட்டினால் செம்பழுப்புப் பொடி விழுந்தால் துரு. தகட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் துருமுனை புது ரப்பரைக் குத்தும்.

லீவர் அசையவே இல்லை என்றால் ரப்பர் கல்லாக இறுகியிருக்கிறது என்று அர்த்தம். நெம்பாதீர்கள். லீவரின் ஊசி கழன்றாலோ உடல் பிளந்தாலோ, பத்து நிமிட வேலை மாதக்கணக்காக இழுக்கும். கழுத்துப் பக்கம் கை பொறுக்கும் அளவு சூடு காட்டி, ஹேர் டிரையர் தள்ளிப் பிடித்தால் போதும், சைக்கிள் ட்யூபால் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் அசைத்துக் கழற்றுங்கள். பெரும்பாலான லீவர் பேனாக்களில் கழுத்து மரை இல்லாமல் இறுக்கமாகச் செருகியிருக்கும், சிலவற்றில் மரை உண்டு, அதனால் அசைவு எந்தப் பக்கம் போகிறது என்று கை சொல்வதைக் கேட்க வேண்டும்.

புது ரப்பர் பை எண் கணக்கில் விற்கிறது. 16 என்றால் ஓர் அங்குலத்தில் 64-இல் 16 பங்கு விட்டம், அதாவது ஆறு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. உடலுக்குள் உரசாமல் போய்வர வேண்டும். இறுக்கமாக இருந்தால் விரிய இடமில்லாமல் மை குறைவாகத்தான் ஏறும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கால் காம்பில் ஒட்டுங்கள். ஃபெவிக்விக் கூடாது, அடுத்த முறை ரப்பர் மாற்றும்போது காம்போடு ஒடிந்து வரும். பை ஒட்டாமல் இருக்க வெளியில் வாசனை சேர்க்காத டால்க் பவுடரை லேசாகத் தடவலாம். வாஸ்லின், தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதுவும் ரப்பர் பக்கம் போகக் கூடாது, ரப்பர் ஊறிக் கூழாகிவிடும்.

இன்னொன்று. லீவர் பேனாவின் ரப்பர் முழுக்க உதிர்ந்து உடல் காலியாக இருந்தால் அது ஃபில்லர் பேனா மாதிரியே தெரியும், யாராவது மை ஊற்றுவார்கள், ஊற்றின மை லீவர் பள்ளம் வழியாகச் சட்டையில் இறங்கும். காம்பைப் பார்த்திருந்தால் இது நடக்காது.

பாதி மை தீர்ந்ததும் நிப்பிலிருந்து குண்டு குண்டாகக் கக்குகிறது

இது ஃபில்லர் பேனாவின் குணம். உடலே மைத்தொட்டி, மை குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று பிடிக்கிறது. விரல் சூட்டிலும் வெயிலிலும் காற்று விரிந்து மையைத் தள்ளுகிறது. காற்று எவ்வளவு அதிகமோ அவ்வளவு தள்ளல். அதனால்தான் நிறைந்திருக்கும்போது ஒழுங்காக எழுதிய பேனா, கால் பாகம் மீதி இருக்கும்போது மதியம் இரண்டு மணிக்குத் தாளைக் கெடுக்கிறது. பேனாவில் குறை ஒன்றும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே திரும்ப நிரப்புங்கள், சட்டைப் பையில் நிப் மேலே பார்த்து நிற்கட்டும். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ விமானம் ஏறுவதாக இருந்தால் ஒன்று முழுக்க நிரப்புங்கள், இல்லை முழுக்கக் காலி செய்யுங்கள். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து உள்ளே இருக்கும் காற்று விரியும்.

தடித்த எபோனைட் உடல் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும், நம் வெயிலுக்கு அது நல்லது. மெல்லிய பிளாஸ்டிக் அப்படி இல்லை.

கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் விரல் நனைந்தால் கதை வேறு. அது மரை வழியாக வரும் கசிவு. பழைய மையைத் துடைத்துவிட்டு மரையில் சிலிக்கான் கிரீஸ் துளியளவு தடவி மூடுங்கள். அதற்கப்புறமும் கசிந்தால் டார்ச் வைத்து விளிம்பில் விரிசல் தேடுங்கள்.

வால் திருகு சுற்ற மறுக்கிறது, அல்லது சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது

வால் கழன்று வராமல் சுற்றினால் பிஸ்டன். பெலிக்கன் 1929-இல் கொண்டுவந்தது, அப்புறம் மோன்பிளாங்கும் அதைப் பிடித்துக்கொண்டது. உடலில் மை பார்க்கும் ஜன்னல் மாதிரி ஒரு தெளிவான பட்டை இருந்தால் கிட்டத்தட்ட உறுதி.

சுற்றவில்லை என்றால் உள்ளே மை காய்ந்திருக்கிறது. நிப் முனையைக் கேன் தண்ணீரில் வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள், கேசின் இல்லை என்று தெரிந்தால் மட்டும். மறுநாள் இரண்டு விரலால் மட்டும் முயன்று பாருங்கள், வரவில்லையா, தண்ணீரை மாற்றி இன்னொரு ராத்திரி. அவசரப்பட்டுத் திருகினால் உள்ளே இருக்கும் திருகுத் தண்டு முறுகிவிடும். சுற்றுகிறது, ஆனால் மை ஏறவில்லை, வால் பக்கம் ஈரம் தெரிகிறது என்றால் பிஸ்டன் தலை தேய்ந்துவிட்டது. பழையவற்றில் அது தக்கை, காய்ந்து சுருங்கியிருக்கும், மாற்றலாம்.

அரைச் சுற்று போய் டக்கென்று நின்றுவிட்டால் பிஸ்டன் என்று நினைத்து மேலும் திருகாதீர்கள். மேபி டாட் நிறுவனத்தின் ஸ்வான் பேனாக்களில் லீவருக்குப் பதில் இப்படி ஒரு திருகு உண்டு, அது திரும்பினால் உள்ளே ஒரு தகடு ரப்பரை அமுக்கும், அதன் பாதை அவ்வளவுதான்.

வால் மூடியைக் கழற்றினால் ஒரு பொத்தான்

இரண்டு வகை இதில் குழம்பும். உடல் ஒளி புகாததாக இருந்து, பொத்தான் கொஞ்ச தூரமே அமுங்கினால் பட்டன் ஃபில்லர், 1921-இல் வந்த பார்க்கர் டுவோஃபோல்ட் மாதிரி. உள்ளே ரப்பர் பையும் தகடும்தான், லீவர் பேனாவுக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

உடல் வெளிச்சத்தில் கோடு கோடாக ஊடுருவித் தெரிந்தால் வாக்குமேட்டிக், 1933. இதில் பை கிடையாது, வால் பக்கம் ஒரு ரப்பர் சவ்வு மட்டும். பொத்தானை அமுக்கி அமுக்கி விட, சவ்வு பம்பு மாதிரி காற்றை வெளியே தள்ளி மையை இழுக்கும், ஒரு தரம் அமுக்கினால் நிரம்பாது, பத்துத் தரமாவது வேண்டும். "மை பிடிக்கவே மாட்டேன் என்கிறது" என்று கொண்டுவரும் சிலர் ஒரு தரம் அமுக்கிவிட்டு நிறுத்தியவர்கள். அமுக்கினால் திரும்ப எழவில்லை என்றால் சவ்வு இறுகியிருக்கிறது. பொத்தானைச் சுற்றி மை கசிந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது. ஆரம்ப காலத்தவற்றில் பொத்தான் உள்ளேயே பூட்டி நிற்கும், அமுக்கித் திருப்பினால்தான் எழும்பும், அதைக் கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். சவ்வு மாற்ற அந்த மரை வளையத்துக்கென்றே செய்த பிடி வேண்டும். அது இல்லாமல் கழற்றக் கூடாது, மெல்லிய அலுமினிய மரை நசுங்கினால் சரிசெய்வது கஷ்டம். இந்த ஒன்றை மட்டும் வீட்டில் முயலாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

வாலை இழுத்தால் நீளமாக வருகிறது

மெல்லிய கம்பி வந்தால் ஓனோட்டோ என்ற இங்கிலாந்துப் பேனாவோ பழைய ஷீஃபரோ. கம்பியை இழுத்துவிட்டு, நிப்பை மைக்குள் முக்கி, ஒரே அமுக்கில் உள்ளே தள்ள வேண்டும். தள்ளும்போது பின்னால் வெற்றிடம் உண்டாகி, கடைசியில் மை பாய்ந்து ஏறும். தள்ளும்போது எதிர்ப்பே இல்லை என்றால் தலைப் பக்கத்து வாஷர் போயிருக்கிறது. கம்பி மை நனைந்து வந்தால் வால் பக்கத்து அடைப்பு.

விரல் தடிமனில் உலோகக் குழாய் வந்தால் ஷீஃபர் டச்டவுன், 1949. இங்கே நோய் கண்டுபிடிப்பது எளிது: தள்ளும்போது காற்று எதிர்க்கவில்லை என்றால் வால் பக்கத்து ரப்பர் வளையம், எதிர்க்கிறது ஆனால் மை இல்லை என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் பை. வாலைத் திருகினால் நிப்புக்கு அடியிலிருந்து ஊசி மாதிரி ஒரு குழல் நீண்டு வந்தால் அது ஸ்நார்க்கெல், 1952-லிருந்து 1959 வரை செய்தது. குழல் பாதியில் சிக்கினால் நிறுத்திவிட்டு நிப் பகுதியை நனைத்து வையுங்கள்.

நிப் மூடியே இருக்கிறது, பார்க்கர் 51 என்கிறார்கள்

முதலில் அது ஹீரோவா என்று பாருங்கள். ஷாங்காய் ஹீரோ 616 தூரத்தில் பார்த்தால் 51 மாதிரியே இருக்கும், வளைகுடாவிலிருந்தும் கடைகளிலிருந்தும் நிறைய வந்தது. எழுத்துப் பொறிப்பைப் படியுங்கள், தங்கம் என்று சொல்லி விற்றால் நிப் முனையைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். இரண்டுமே அமுக்கிப் பிடிக்கும் வகைதான்: உடலைக் கழற்றினால் உலோகக் கூடு, அதில் ஒரு பட்டை, உள்ளே பை. எப்படி அமுக்குவது என்று 51-இன் கூட்டிலேயே எழுதியிருக்கும். அந்தப் பை ரப்பர் இல்லை, ஒரு வகைப் பிளாஸ்டிக், பெரும்பாலும் இன்றும் உயிரோடு இருக்கும், அதனால் மை ஏறவில்லை என்றால் பையைப் பழிக்காமல் முதலில் நாக்கைக் கழுவுங்கள். பட்டையை அமுக்கி அமுக்கித் தண்ணீர் தெளியும் வரை.

உடல் கழலாமல் வால் மூடி மட்டும் கழன்றால், 1948-க்கு முந்திய 51, உள்ளே வாக்குமேட்டிக். மேலே சொன்ன எச்சரிக்கை இதற்கும்.

பார்க்கர் 61-இல், 1956-இல் வந்ததில், உடலைக் கழற்றினால் அமுக்க ஒன்றுமே இருக்காது, பின்முனை திறந்த ஒரு குழல் மட்டும். அந்தப் பின்முனையை மையில் நிறுத்தினால் தானாக உறிஞ்சிக்கொள்ளும். கன்வெர்ட்டர் (மை உறிஞ்சச் செருகும் தனிக் குழல்) தொலைந்துவிட்டது என்று தேட வேண்டாம்.

நன்றாக எழுதிக்கொண்டிருக்கும்போதே மை நிற்கிறது

ஜப்பான் ஃபில்லர் பேனாக்களிலும் பைலட் கஸ்டம் 823 போன்றவற்றிலும் வால் திருகு, மை வரும் வழியைத் திறந்து மூடும் குழாய்த் திருகு மாதிரி. முழுக்க மூடியிருந்தால் நாக்கில் இருக்கும் மை மட்டும் வரும், பிறகு நின்றுவிடும். இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் தளர்த்துங்கள், ஓடும். பையில் போடும்போது மூடுங்கள். வெயில் காலத்தில் கக்காமல் இருக்கவும் இதுவே உதவும்.

எல்லாம் சரி செய்த பிறகு

எந்த வகையாக இருந்தாலும் முதல் நிரப்பல் மையாக இருக்க வேண்டாம். கேன் தண்ணீரை நிரப்பி, நிப் கீழே பார்க்க ஒரு தம்ளரில் வெள்ளைக் காகிதத்தின் மேல் நிறுத்தி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் கழுத்து, லீவர் பள்ளம், வால் கோடு மூன்றையும் மெல்லிய காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். எங்கும் ஈரம் இல்லை என்றால் சாதாரண நீல மையில், சட்டையில் பட்டாலும் துவைத்தால் போகிற மாதிரியானதில் தொடங்குங்கள். அடர் கறுப்பும் மினுமினுக்கும் மையும் ரப்பர் பை வைத்த பேனாவுக்கு வேண்டாம்.